பெரும்பாடு: கர்ப்பப்பைக் கட்டிகளும் அவற்றுக்கான சிகிச்சையும்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களே,

எங்கள் மருத்துவமனையின் ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களில் சிலர், பெண்களுக்கு வரும் கர்ப்பப்பைக் கட்டிகளைப் பற்றி எளிய முறையில் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். "எங்கள் சபையில் ஒரு சகோதரிக்குக் கட்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். உடனே எடுத்துவிட வேண்டுமா?" என்பதே அநேகமாக எல்லாருடைய கேள்வியும். இந்த மடலில் அதற்குப் பதில் சொல்ல முயலுகிறோம்.

பெரும்பாடு என்ற சொல் நம் சபைகளில் வளர்ந்த எவருக்கும் புதிதல்ல. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் அவதிப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்து, ஜனக்கூட்டத்தில் பின்னாகப் போய் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட அந்தப் பெண்ணின் சரித்திரத்தை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய மாதப்போக்குக்கு நம் நாட்டு வைத்தியத்திலும் இதே பெயர்தான். அந்தப் பெண்ணுக்கு எதனால் அந்த நோய் வந்தது என்று வேதம் சொல்லவில்லை; நாமும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் நெடுநாள் மறைவாகத் துன்பப்பட்டதும், பணமெல்லாம் கரைந்ததும், அப்படியும் குணமாகாமல் நிலைமை மோசமானதும் ஆகிய இந்த மூன்றையும் எங்கள் பெண்கள் பிரிவில் இன்றும் பார்க்கிறோம்.

ஒரு திங்கட்கிழமை காலை

செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு சகோதரி தன் கணவரோடு வந்தார். வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளைகள். வாசலிலிருந்து புறநோயாளர் பிரிவுக்கு வருகிற சாய்தளத்தில் ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்துவிட்டார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாளைப்போல் இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 4.6 கிராம். ஒரு பெண்ணுக்கு இது 12 கிராமாவது இருக்க வேண்டும்.

"ஏம்மா, இவ்வளவு நாள் ஏன் வரலை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"பொம்பளைங்களுக்கு வர்றதுதானே சிஸ்டர். போகப் போகச் சரியாயிடும்னு இருந்துட்டேன்."

இரண்டு வருடமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் போக்கு. கட்டி கட்டியாக விழும். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு கல் சுமந்திருக்கிறார். மூச்சு வாங்கி உட்காரும்போதெல்லாம், வேலைக்குச் சோம்பல் என்று மேஸ்திரி கூலியைப் பிடித்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, உடனே பையை எடுக்காவிட்டால் அது புற்றுநோயாகிவிடும் என்று சொல்லி, முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த காகிதங்களில் ஒன்று ஸ்கேன் ரிப்போர்ட். மற்றொன்று கம்மலை அடகு வைத்த சீட்டு.

கட்டி இருந்தது உண்மை. புற்றுநோயாகிவிடும் என்று சொன்னது உண்மையல்ல. இந்த வேறுபாட்டை நம் ஜனங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இந்தக் கட்டி என்ன?

கர்ப்பப்பை ஒரு தசைப்பை. அதன் சுவரிலுள்ள தசை ஓரிடத்தில் உருண்டு திரண்டு வளர்வதையே டாக்டர்கள் ஃபைப்ராய்டு என்கிறார்கள். தமிழில் நார்க்கட்டி எனலாம். பட்டாணி அளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். ஒன்றும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். உடம்பிலுள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண் ஹார்மோன்களால் இது வளர்கிறது. ஆகவே பூப்படைவதற்கு முன் வருவதில்லை. மாதவிலக்கு அடியோடு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். உடல் பருமனும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சூடான பண்டம் தின்றதாலோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததாலோ இது வருவதில்லை.

இது எவ்வளவு சாதாரணம் என்பதை அநேகர் அறியார்கள். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 பேருக்கு மேலும் இந்தக் கட்டி வந்துவிடுகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்கேன் எடுக்காதவரை தெரியப்போவதுமில்லை. நார்க்கட்டி புற்றுநோயல்ல, பிற்காலத்தில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை என்றே சொல்லலாம். நார்க்கட்டியைப்போலத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் உண்டு. ஆனால் அது மிக அபூர்வம். மாதவிலக்கு நின்றபின் ஒரு கட்டி வளர்ந்தால் மட்டும் அதை நினைத்துக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அளவைவிட இடம் முக்கியம்

"எத்தனை சென்டிமீட்டர் டாக்டரம்மா?" என்பதே எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி. ஆனால் கட்டி எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வை ஒட்டி, குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலும் ஆளைப் படுக்கவைக்கிற அளவுக்கு உதிரம் போகச் செய்யும். கரு தங்காமற்போவதற்கும் கலைவதற்கும் காரணமாகலாம். சுவருக்குள்ளேயே இருப்பது வளர வளரப் போக்கையும் வலியையும் உண்டாக்கலாம். வெளிப்புறமாக வளர்வது எலுமிச்சை அளவு இருந்தாலும் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடும். மிகப் பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் போக வைக்கும், மலச்சிக்கலைத் தரும், வயிறு ஐந்துமாதக் கர்ப்பம்போல் தெரியும். அந்தச் செங்கல் சூளைச் சகோதரியின் கட்டி மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் அது குழிக்குள் இருந்தது.

ஆகவே எங்கள் டாக்டர்கள் ஸ்கேன் காகிதத்தைப் பார்க்குமுன் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். இந்தக் கட்டி உங்களுக்கு என்ன தொந்தரவு தருகிறது? உங்களுக்கு வயது என்ன? இனிப் பிள்ளை வேண்டுமா? இந்த மூன்றுக்கும் வரும் பதிலைப் பொறுத்தே சிகிச்சை.

ஒன்றும் செய்யாமலிருப்பதும் சிகிச்சையே

நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் ஆசிரியை வாயுத்தொல்லைக்காக ஸ்கேன் எடுத்தார். இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்தது. மூன்று இரவு தூங்காமல், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அழுதபடி எங்களிடம் வந்தார். மாதவிலக்கு ஒழுங்காக இருந்தது, இரத்தம் நன்றாக இருந்தது. எங்கள் டாக்டரம்மா அரைமணி நேரம் அவரோடு பேசி, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டி, "ஒண்ணும் வேண்டாம்மா. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க. போக்கு ஜாஸ்தியானா உடனே வாங்க" என்று அனுப்பிவிட்டார். மாத்திரைகூட எழுதவில்லை. அவர் வாசலில் நின்று, "நிஜமாவே ஒண்ணும் வேண்டாமா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போனார்.

தொந்தரவு இல்லாத நார்க்கட்டிக்கு உலகமெங்கும் இதுவே சரியான சிகிச்சை. மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கியவர்களுக்கு விசேஷமாக இது பொருந்தும். காலமே அவர்களுக்கு மருந்தாகிறது.

முதலில் இரத்தம்

ஆனால் போக்கு அதிகமாயிருந்தால் காத்திருக்கக் கூடாது. இந்த நோயில் கட்டியைவிட ஆபத்தானது இரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. ஏற்கெனவே வற்றிய கிணற்றிலிருந்து மாதந்தோறும் இறைப்பதுபோல், அந்த உடம்பிலிருந்துதான் இந்தக் கட்டி இரத்தத்தை எடுத்துப்போகிறது. அளவு மிகக் குறைந்தால் இதயமே தளர்ந்துவிடும். அந்த நிலையில் மயக்கமருந்து கொடுத்து ஆபரேஷன் செய்வது உயிருக்கு ஆபத்து.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் முதலில் செய்தது ஆபரேஷன் அல்ல. போக்கை நிறுத்த மருந்து கொடுத்து, இரத்தம் ஏற்றினோம். ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் கூடும். தளர்ந்த இதயம் தாங்க வேண்டுமே என்று மெதுவாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இரவெல்லாம் சிஸ்டர்மார் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரும்புச்சத்தை நரம்பு வழியாகக் கொடுத்தோம். முன்பெல்லாம் இதைச் சிறிது சிறிதாகப் பல நாள் வரவழைத்துப் போடவேண்டும். இப்போது கிடைக்கும் ஒருவகை மருந்தை ஒரு கிராம் அளவுக்கு ஒரே தடவையில், கால்மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய நன்மை. ஆனால் மாத்திரையைவிட விலை பல மடங்கு அதிகம்.

இரத்தக்குறைவு கடுமையாக இல்லாதவர்களுக்கு மாத்திரையே போதும். அதை டீ, காப்பியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து அநேகர் நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறம்தான், பயப்பட வேண்டியதில்லை.

மருந்துகளால் ஆகக்கூடியது

டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை மாதப்போக்கைக் கணிசமாகக் குறைக்கும். 1960-களில் ஜப்பானில் ஒக்கமோட்டோ என்ற கணவனும் மனைவியுமான ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தது இது. பிரசவத்தில் உதிரம் பெருகித் தாய்மார் சாவதைத் தடுக்க வேண்டும் என்பதே அந்த அம்மையாருடைய நோக்கமாயிருந்தது. போக்கு அதிகமான நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும். முன்பு இரத்தக்கட்டு அடைப்பு வந்தவர்கள் சாப்பிடக் கூடாது; ஆகவே கடையில் தாமாக வாங்க வேண்டாம்.

ஹார்மோன் மாத்திரைகளாலும் போக்கைக் கட்டுப்படுத்தலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் ஒன்றும் உண்டு. அது சிறிது சிறிதாக மருந்தைச் சுரந்து ஐந்து வருடம், அதற்கு மேலும், போக்கைக் குறைத்துவைக்கும். நம் பெண்கள் அறிந்த காப்பர்-டி வேறு, இது வேறு. காப்பர்-டியால் போக்கு கூடக்கூடும், இதனால் குறையும். குழிக்குள் கட்டி துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் காயில் நிற்காமல் விழுந்துவிடலாம்.

கட்டியையே சுருக்குகிற ஊசிகளும் உண்டு. இவை சில மாதங்களுக்கு உடம்பை மாதவிலக்கு நின்ற நிலைக்குக் கொண்டுபோகின்றன. நிறுத்தினால் கட்டி மறுபடியும் வளரும்; நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். ஆகவே பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் இரத்தத்தைத் தேற்றவும் கட்டியைச் சிறிதாக்கவும் மட்டும் பயன்படுத்துகிறோம். ஒரு மாத்திரையால் கட்டி கரைந்து அடியோடு மறைந்துபோகும் என்று யாராவது விற்றால், தயவுசெய்து நம்பவேண்டாம்.

கட்டியை மட்டும் எடுப்பது

குழிக்குள் இருக்கும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே எடுக்கலாம். கர்ப்பப்பையின் வாய் வழியாக விளக்கு பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே பார்த்துக்கொண்டே கட்டியைச் சீவி எடுக்கிறார்கள். தையல் இல்லை, பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். எங்களிடமுள்ள கருவி உங்களில் சிலர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அது எதற்குப் பயன்படுகிறது என்று எப்போதாவது நீங்கள் நினைத்திருந்தால், இதற்காகத்தான்.

சுவருக்குள்ளும் வெளியிலும் இருப்பவற்றை வயிற்றைத் திறந்தோ, லேப்பராஸ்கோப்பி முறையிலோ எடுத்து, கர்ப்பப்பையைத் தைத்துவிடலாம். பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு இது முக்கியமான வழி. இந்த முறையை நிலைநாட்டப் பாடுபட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் விக்டர் பானி. அவருடைய சொந்த மனைவியே நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை இழந்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மற்றப் பெண்களுக்கு அந்த நிலை வரக்கூடாதென்று அவர் தம் ஊழியக் காலத்தின் பெரும்பகுதியை இதற்குச் செலவிட்டார். இரத்த நஷ்டம் குறையும்படி கர்ப்பப்பைக்குப் போகும் நாளங்களை அழுத்திப் பிடிக்க அவர் ஒரு கிடுக்கியைச் செய்தார். எங்களைப் போன்ற இடங்களில் ஒரு சாதாரண ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டி அதே வேலையைச் செய்துகொள்கிறோம்.

திருமணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல், புகுந்த வீட்டுப் பேச்சுக்கு அஞ்சி, மாமியாரோடு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இப்படி நான்கு கட்டிகளை எடுத்தோம். "குழந்தை நிச்சயமா உண்டாகுமா டாக்டர்?" என்று மாமியார் கேட்டபோது, அப்படி வாக்குக் கொடுக்க எங்களால் முடியவில்லை. கணவருக்கும் பரிசோதனை அவசியம் என்று சொன்னபோது அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மகனை அழைத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் அந்தப் பெண் சிசேரியன் மூலம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எடுத்தபின் புதிய கட்டிகள் வளரலாம். ஆழமாக வெட்டித் தைத்திருந்தால் பிற்பாடு பிரசவம் சிசேரியனாகவே இருக்கவேண்டும்.

கர்ப்பப்பைக்குப் போகும் இரத்தநாளத்தை நுண்ணிய துகள்களால் அடைத்துக் கட்டியைச் சுருங்கச் செய்யும் முறையும் உண்டு. 1995-ல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். ஆனால் பிள்ளை வேண்டுமென்கிறவர்களுக்கு இதை முதல் வழியாகச் சொல்வதில்லை. எங்களிடம் இந்த வசதி இல்லை. தேவைப்படுகிறவர்களைப் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம்.

கர்ப்பப்பையை எடுப்பது

கர்ப்பப்பையை எடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டாம். நாற்பத்தேழு வயதில், தொப்புள்வரை வளர்ந்த கட்டியோடு, மருந்தெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தும் போக்கு நிற்காமல் வந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு அதையே செய்தோம். "பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்" என்று அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். கட்டி திரும்ப வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிகிச்சை இது ஒன்றுதான். ஆனால் அது பெரிய ஆபரேஷன். வயிற்றைத் திறந்து செய்தால் ஏறக்குறைய ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. நாள்கூலிக் குடும்பத்தில் ஆறு வாரம் என்பது ஆறு வாரக் கூலி.

சினைப்பைகளைப் பற்றியும் கேட்கவேண்டும். அவற்றில் நோய் இல்லாவிட்டால் இளம் வயதில் எடுப்பது நல்லதல்ல. சீக்கிரமே எலும்பு தேயும், இதயநோயும் வரக்கூடும். எங்களிடம் வரும் பெண்களில் பலருக்கு, "பையை எடுத்தாச்சு" என்பது மட்டும் தெரியும். சினைப்பையை எடுத்தார்களா விட்டார்களா என்று தெரியாது. கையில் ஒரு காகிதமும் இருக்காது. டிஸ்சார்ஜ் சீட்டையும், எடுத்த சதையின் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறோம்.

வேண்டாம் என்று சொல்வதற்கு

2019-ல் மகாராஷ்டிர அரசு அமைத்த ஒரு குழு, பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி விசாரித்தது. 82,000-க்கு மேற்பட்ட பெண்களில் 13,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்ற நிலையில், மாதவிலக்கே பாரமாகிவிட்ட பெண்கள் அவர்கள். தேசியக் குடும்பநல ஆய்வுகளிலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த ஆபரேஷன் மற்ற மாநிலங்களைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. நாடு முழுவதும் செய்யப்படுபவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் இடங்களில் நடக்கிறது. தேவையற்ற ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுத எங்களுக்கு மனமில்லை. முன்பு எங்கள் மருத்துவமனையிலும், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் போக்கும் கட்டியுமாக வந்தால், எடுத்துவிடுவதே வழக்கமாயிருந்தது. தொலைவிலிருந்து வருகிறார்கள், அடிக்கடி வரமுடியாது, ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினோம். பலருக்கு அது சரியாகவே இருந்தது. சிலருக்கு அவசியமில்லாதிருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை.

இங்கே காணிக்கைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. ஆபரேஷன் செய்தால் மருத்துவமனைக்கு வருமானம். அரைமணி நேரம் உட்கார்ந்து பேசி, ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பினால் ஓ.பி. சீட்டுப் பணம் மட்டுமே வரும். சம்பளமும் மின்கட்டணமும் இரண்டு நாளுக்கும் ஒன்றுதான். நோயாளிகளின் கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கிற இடத்தில், நல்ல மனமுள்ள டாக்டருக்கும் இது ஒரு சோதனையே. நீங்கள் அனுப்பும் பணத்தில் வாங்கின கட்டிலும் கருவியும் கண்ணுக்குத் தெரியும். "இந்த ஆபரேஷன் உங்களுக்கு வேண்டாம்" என்று பயமில்லாமல் சொல்ல எங்களுக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதுவும் நீங்கள் வாங்கிக் கொடுத்ததே.

உங்கள் வீட்டுப் பெண்களுக்காக

சபையில் தாய்மார் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறோம்.

1. மாதப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், கட்டி கட்டியாக விழுந்தால், அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியோ நாப்கினோ மாற்ற வேண்டியிருந்தால் அது சாதாரணமல்ல. டாக்டரிடம் காட்டுங்கள்.

2. படியேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, மண்ணோ அரிசியோ தின்ன ஆசை ஆகியவை இரத்தசோகையின் அடையாளங்களாயிருக்கலாம். ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

3. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே காட்டவேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் போக்கு மாறினால், நார்க்கட்டி என்று முடிவு செய்யுமுன் கர்ப்பப்பையின் உட்சவ்வையும் பரிசோதிக்க வேண்டும்.

4. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொன்னால், "வேறு வழி உண்டா? காத்திருந்தால் என்ன ஆகும்? சினைப்பையை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லையென்றால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

5. ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவர் எப்போதும் களைத்திருந்தால் சோம்பல் என்று சொல்லுமுன் இரத்தத்தைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள்.

அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஆறு வாரம் கழித்து அவருடைய ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. பையை எடுத்துவிடலாமா, கட்டியை மட்டும் எடுக்கலாமா என்று இரண்டையும் விளக்கிச் சொல்லி, முடிவை அவரிடமே விட்டோம். அவர் கணவரைப் பார்த்தார். கணவர், "உன் உடம்பு, நீயே சொல்லு" என்றார். "கட்டியை மட்டும் எடுங்க டாக்டரம்மா. சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்றார். மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார். கடைசியாகச் செக்கப்புக்கு வந்தபோது ஒரே மூச்சில் சாய்தளத்தை ஏறி வந்தார். கம்மல் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. இரண்டு மாதத்தில் மீட்டுவிடுவேன் என்று சொன்னார்.

அன்பான நண்பர்களே, இந்த ஊழியத்துக்கு இரண்டு தேவைகளை உங்கள்முன் வைக்கிறோம். ஒன்று, ஒரே தடவையில் ஏற்றக்கூடிய இரும்புச்சத்து மருந்து வாங்க ஏழைப் பெண்களுக்கான நிதி. மற்றொன்று, பணமல்லாத காணிக்கையாகிய இரத்தம். 18 முதல் 65 வயது வரையுள்ள ஆரோக்கியமானவர்கள், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமலும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உங்கள் வாலிபர் சங்கங்களில் இதை அறிவிக்கும்படி அன்பாய் வேண்டுகிறோம்.

எங்கள் வார்டில் இன்று இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிற பெண்களுக்காகவும், எதைச் செய்வது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டிய டாக்டர்களுக்காகவும், இரவில் விழித்திருக்கும் சிஸ்டர்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர் குடும்பம்